செருப்பு மிச்சம்

ஜூன் 2, சனி

நூலகத்தின் குழந்தைகள் அறையில் இன்று முதலைப் பாட்டைச் சொன்னேன். அச்சகத்தில் நான் பிழை திருத்திக் கழித்த தாள்களின் பின்பக்கத்தில், ஒரு வாரமாக எழுதியும் அடித்தும் தேற்றியது.

முதலை மாமா பல்வலி,
மூஞ்சியெல்லாம் பெரும்வலி;
ஆ காட்டச் சொன்ன டாக்டர்
ஆளைக் காணோம், செருப்பு மிச்சம்!

கடைசி அடிக்கு அறை இரண்டுபட்டது. முன்பல் இல்லாத பையன் தரையில் உருண்டான். "இன்னொரு தடவை முழுங்கச் சொல்லுங்க!" டாக்டரை முழுங்கி முழுங்கி முதலைக்கே அலுத்திருக்கும். நூலகத்து அக்கா மட்டும், "கொஞ்சம் சாந்தமா எழுதக் கூடாதா?" என்றார். சாந்தமான முதலைக்கு நான் எங்கே போவேன்?

வீடு வரும் வரை வாலு விடவில்லை. (என் மகள். வயது ஆறு. பெயர்ப் பொருத்தம் பார்த்தால் தெரியும்.)

"டாக்டர் எப்பம்மா வெளிய வருவாரு?"

"வரமாட்டாரு. அதான் பாட்டு."

"வரணும்."

ஜூன் 5, செவ்வாய்

குழம்பில் உப்பு அதிகம். தட்டு சுவரில். அடுத்து நான் சுவரில். இடது காது இன்னும் இரைகிறது.

ஜூன் 6, புதன்

படியில் விழுந்துவிட்டேன் என்று அச்சகத்தில் சொன்னேன். "உங்க வீட்டுப் படி ரொம்ப மோசம்மா, போன மாசமும் தள்ளிவிட்டுச்சே" என்றார் முதலாளி. எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் படியைத்தான் திட்டுகிறார்கள்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "அடிக்கிற கைதாண்டி அணைக்கும். அவரும் பாவம், நாள் பூரா டயர் கடையில வெந்து சாகறாரு." அப்பா உன்னை அணைத்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே என்று கேட்டிருக்கலாம். வைத்துவிட்டேன்.

ஒன்றுதான் நிம்மதி. வாலு மேல் அவர் கை பட்டதில்லை. பட்டால் இந்த வீட்டில் ஒரு நிமிடம் இருக்கமாட்டேன். இந்த வரிக்கு அடிக்கோடு போட்டுவைக்கிறேன்.

ஜூன் 9, சனி

பிள்ளைகள் ஆளுக்கொரு கொலையோடு வந்திருந்தார்கள். முன்பல் இல்லாதவன் பூனையை ராக்கெட்டில் கட்டி வெடித்தான். ஒரு சின்னவள் தன் தம்பியை நாலாய் மடித்துத் தபாலில் அனுப்பினாள். கேட்டுக் கேட்டு வயிறு வலித்தது. எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சிரித்து! இவ்வளவு பிணம் விழுந்தும் ஒருவரும் அழவில்லை. பாட்டில் செத்தவன் அடுத்த அடியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். நான் எழுதுவது அதற்காகத்தான். வேறு எங்கே அப்படி நடக்கிறது?

ஜூன் 11, திங்கள்

வாலு இனித் தானே குளிப்பாளாம். கதவைச் சாத்திக்கொள்கிறாள். பெரிய மனுஷி!

ஜூன் 13, புதன்

இடது கையால் எழுதுகிறேன். வாலுவின் எழுத்தே தேவலை.

அலமாரியில் இருந்த தாள்களை அவர் பார்த்துவிட்டார். "யாரைடி முதலைங்கற?" எல்லாம் அடுப்பில். பிடுங்கப் போனேன். என் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து, கதவைச் சாத்தினார். கோபத்தில் அல்ல. நிதானமாக, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. இரண்டு விரல்.

எழுதும்போது அவரை நினைக்கவே இல்லை. சத்தியமாக. இப்போது நினைக்கிறேன்.

தாள் போனால் போகட்டும். பாட்டு இருபது பிள்ளைகளின் வாயில் இருக்கிறது. அங்கே போய்க் கிழிக்கச் சொல்.

ஜூன் 16, சனி

கட்டுப்போட்ட கையோடு போனேன். பாட்டு கட்டச் சொல்லிக் கொடுக்கலாம் என்று. "ஒரு வரின்னா ஒரு அடி. முதலைப் பாட்டுக்கு எத்தனை அடி?" "நாலு!" என்று கத்தினார்கள். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "இப்ப ஆளுக்கு ரெண்டு அடி தரப்போறேன், வரிசையா வந்து வாங்கிக்கோங்க!"

எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு முண்டியடித்தார்கள். வாலு மட்டும் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள்.

"எனக்கு வேணாம். நான் ஏற்கெனவே வாங்கிட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டுதான், "யாருகிட்ட?" என்று கேட்டேன்.

"அப்பாகிட்ட. பெல்ட்டால நாலு அடி. முதலைப் பாட்டைச் சத்தமா பாடினேன், டிவி கேக்கலையாம். அம்மாகிட்ட சொன்னா இன்னும் ரெண்டுன்னாரு." அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "ஐயோ, சொல்லிட்டேனே" என்று அழ ஆரம்பித்தாள்.

சட்டையைத் தூக்கினேன். முதுகில் நாலு கோடு. பழுத்து, ஓரம் பச்சையாகி. தானே குளிக்கிறாளாம்! பெருமைப்பட்டேனே, மடச்சி, மடச்சி.

அக்கா அறையைப் பூட்டினார். "எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 17, ஞாயிறு

அக்கா வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

நேற்றே துணிமணி எடுக்கப் போனோம். அவர் கடையில் இருப்பார் என்று நினைத்தேன். அக்கா தெருவில் ஆட்டோவில் காத்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நானும் வாலுவும் உள்ளே போனோம். பையை மூடும்போது அவர் பின்னால் நின்றார். பெல்ட் ஏற்கெனவே கையில் இருந்தது.

முதல் வீச்சு என் கழுத்தில். இரண்டாவது முகத்தில், பக்கிள் பட்டு உதடு கிழிந்தது. மூன்றாவதற்கு வாலுவின் பக்கம் திரும்பினார். அடுப்பு மேல் இரும்பு வாணலி. இடது கையால் சுழற்றினேன். முழங்கையில் விழுந்தது. மளுக்கென்று சத்தம். சத்தம் நன்றாக இருந்தது. இந்த வரியை அடிக்கமாட்டேன்.

அவர் அலறினார். இல்லை. அவன் அலறினான். அவன், அவன், அவன். எழுதிவிட்டேன், வானம் இடிந்து விழவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே வந்தான். நூலகத்தில் பேசாதே என்று வாயில் விரல் வைத்தே காலம் தள்ளிய அக்கா ஒரு கூச்சல் போட்டார் பார், தெருவே வெளியே வந்து நின்றது. அவன் வாசலைத் தாண்டவில்லை.

ஆட்டோவில் வாலு என் வெறுங்காலைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். "அம்மா, செருப்பு மிச்சம்."

சிரித்தேன். உதட்டில் இருந்து இரத்தம் சொட்டச் சொட்டச் சிரித்தேன்.

ஜூன் 18, திங்கள்

காவல் நிலையம். "எத்தனை அடி அடிச்சாரு?" என்றார் அங்கிருந்த போலீஸ் அம்மா. "எத்தனை வருஷத்துக்குக் கேக்கறீங்க?" என்றேன். பேனாவை மூடிவைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

அம்மா போனில் அழுதாள். "மாப்பிள்ளை கை முறிஞ்சு கிடக்காராம். என்னடி பண்ணின அவரை?"

"அணைச்சேம்மா."

ஜூன் 30, சனி

நான் நூலகம் போகவில்லை. அவன் கட்டுப்போட்ட கையோடு வாசலில் நின்றானாம். பிள்ளைகளை விட வந்த அம்மாக்கள் படியை அடைத்து உட்கார்ந்துகொண்டார்களாம். முன்பல் இல்லாதவன் ஆரம்பித்து வைக்க, எல்லாருமாகச் சேர்ந்து முதலைப் பாட்டை உச்சக் குரலில் பாடினார்களாம். போய்விட்டானாம்.

படி எங்கள் பக்கம் வந்துவிட்டது.

ஜூலை 14, சனி

விரல் மடங்குகிறது. வலது கையால் எழுதுகிறேன், கோணல்தான்.

காலையில் பாயில் கண் விழித்ததும் வாலு இரண்டு கையையும் நீட்டினாள். "அம்மா, எனக்கு ரெண்டு அடி குடு." தலையை மூடவில்லை. கொடுத்தேன்.

டொக்டொக் என்று வயிற்றில் தட்ட,
ஏவ் என்றது முதலை மாமா;

"டாக்டர் வந்தார் வெறுங்காலோட!" என்று குதித்தாள். மூன்றாவது அடி அவளுடையது. நான் ஓர் எழுத்தும் தொடவில்லை.

நாலாவதுதான் வரமாட்டேன் என்கிறது. "நூலகத்துல போய் வாங்கிக்கலாம்மா" என்கிறாள். தலை வாரியாயிற்று. அக்காவின் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், அது அவள் காலுக்குப் படகு மாதிரி இருக்கிறது.

கிளம்புகிறோம், அடி வாங்க.