அத்தானுக்குப் பிடிக்காத ஸ்பீக்கர்

அத்தான்,

கூடம் முழுக்க வார்னிஷ் வாடை. உங்கள் பெரிய ஸ்பீக்கர்கள் நின்ற சுவரோரம் இப்போது ஒரு புத்தக அலமாரி இருக்கிறது. அதன் நடுத்தட்டில், என் கணக்குப் புத்தகங்களுக்கு இரு பக்கமும், நானே செய்த இரண்டு சின்ன ஸ்பீக்கர் பெட்டிகள். வார்னிஷ் கடைசி வேலை, நேற்றுத்தான் அடித்தேன்; இன்னும் காயவில்லை. தென்காசியில் சாரல் காலத்தில் எதுதான் காய்கிறது? நீங்கள் இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டியிருப்பீர்கள். அந்த நினைப்பு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் ஸ்பீக்கர்கள் நம் வீட்டுக்கு வந்த விதம் நினைவிருக்கிறதா? நீங்கள் ராணுவத்தில் இருந்தபோது டெல்லியில் வாங்கினீர்கள். கல்யாணமான பின் நாம் சேர்ந்து செய்த முதல் ரயில் பயணம் அது. கீழ்ப் படுக்கையில் அவை படுத்துக்கொண்டு வந்தன. நான் ஓரத்தில் உட்கார்ந்தே ஊர் வந்து சேர்ந்தேன். அதன் பிறகு தூசி தட்டப் போனால்கூட, "ஏட்டி, கைய எடு" என்பீர்கள். பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தால், "பாட்டக் கேக்க விடுதியா, அங்கன அடுக்களைக்குப் போறியா?" நான் அடுக்களைக்குப் போனேன். அங்கே என் சின்ன ரேடியோவையும், தெருமுனையில் உங்கள் பைக் சத்தம் கேட்டதும் குறைத்துவிடுவேன்.

இதையெல்லாம் விட்டுவிடலாம். அந்தக் கேசட்டை விட மாட்டேன்.

கல்லூரி விழாவில் நான் பாடியதைத் தோழி ஒருத்தி பதிவு செய்து கொடுத்திருந்தாள். மேலே என் பெயரை நானே எழுதி ஒட்டியிருந்தேன். உங்கள் ஸ்பீக்கரின் 'பாஸ்' அடிச்சத்தத்தைச் சோதிக்க அதன்மேல் ஏதோ மேளச் சத்தத்தைப் பதிந்தீர்கள். என் குரல் இருந்த இடத்தில் மேளம் அதிர்ந்தது. ஓடி வந்து கேட்டபோது நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ பாடுனதுதானே? வேணும்னா இன்னொரு தடவ பாடு."

உங்கள் வீட்டில் நான் அதற்குப் பிறகு பாடவில்லை. நீங்கள் அதைக் கவனிக்கவும் இல்லை.

நீங்கள் போய்ப் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் உங்கள் தம்பி வந்தார். "மதினி, அண்ணன் ஞாபகமா அந்த ஸ்பீக்கர நான் எடுத்துக்கிடுதேன்" என்றார். "பொறுங்க தம்பி, யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். அப்போது என்னிடம் எந்த யோசனையும் இல்லை. அவை உங்களைப் போற்றுகிற ஒருவர் கைக்குப் போகக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்பவர்கள் இணையத்தில் போட்டிருந்த திட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் பிடித்தது ஆளுயரப் பெட்டி. உங்களுடையதைவிடப் பெரிதாகச் செய்துவிட வேண்டும் என்ற வெறி. ஆனால் அதைச் செய்தால் மறுபடி உங்கள் ரசனைக்குத்தான் வேலை செய்தவளாவேன். அடுத்தது, அலமாரியில் வைக்கிற அளவில், மேலே சின்னதும் கீழே பெரிதுமாக சத்தம் வரும் கூம்புகள் இரண்டு வைத்தது. நல்ல திட்டம்தான். பலரும் அதையே சொன்னார்கள். மூன்றாவதில் ஒற்றைக் கூம்பு. அடிச்சத்தம் குறைவு, ஆனால் குரல் பிரியாமல் ஒரே இடத்திலிருந்து வரும் என்று எழுதியிருந்தார்கள். "ஒத்தக் கூம்பு வச்சதெல்லாம் டீக்கடைக்குத்தான் லாயக்கு" என்று நீங்கள் யாரிடமோ சிரித்தது ஞாபகம் வந்தது. அதையே தேர்ந்தெடுத்தேன்.

திட்டத்தில் சொன்ன உயரம் என் அலமாரித் தட்டில் அடங்கவில்லை. உள்ளே இருக்கும் காற்றின் அளவு மாறாமல் உயரத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டினேன். இது எட்டாம் வகுப்புக் கணக்கு. மேலகரத்து ஆசாரி பலகையை அறுத்துக்கொண்டே, "சாமி படம் வைக்கவா டீச்சர்?" என்றார்.

"இல்ல, பாட்டுக் கேக்க."

"அண்ணாச்சி வச்சிருந்தாகளே, அம்மாம் பெரிசு?"

"அதுல நான் கேட்டதில்ல."

அவர் அடுத்த பலகையை எடுத்தார். ஒட்டியதும், தேய்த்ததும், விரலைச் சுட்டுக்கொண்டு வயர்களுக்கு ஈயம் வைத்ததும் நான்தான். எதிரொலியை அடக்க உள்ளே பஞ்சு வைக்க வேண்டும். உங்கள் தலையணையைக் கத்தரித்தேன். நல்ல இலவம் பஞ்சு அத்தான், இரண்டு பெட்டிக்கும் சரியாக இருந்தது. உங்கள் ஆம்ப்ளிஃபையரை மட்டும் வைத்துக்கொண்டேன். அது எனக்கு ஒரு பாவமும் செய்யவில்லை.

பெட்டிகள் பாடத் தயாரான அன்று கதவைச் சாத்திவிட்டு, கல்லூரியில் பாடிய அதே பாட்டைப் பாடி, போனில் பதிந்து, புதுப் பெட்டியில் போட்டேன். பெட்டி எதையும் மறைக்கவில்லை. மூச்சு வாங்கியது, உச்சத்தில் குரல் உடைந்தது, எல்லாம் தெளிவாகக் கேட்டது. யாரோ ஒரு வயதான பொம்பளை. இன்னொரு தடவை பாடச் சொன்னீர்களே, இதுதான் அது. கேசட்டில் இருந்த அந்தப் பெண்ணை நீங்கள் அழித்தே விட்டீர்கள். அவளை இனி எந்தப் பெட்டியும் பாட வைக்காது.

அழுது முடித்ததும் குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனைக் கூப்பிட்டு, உங்கள் ஸ்பீக்கர்களை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். "சும்மாவா டீச்சர்? இது வெலை கூடுன சாமானாச்சே!" என்று பதறினான். "கடை வாசல்ல வை. நல்லாச் சத்தமா வை" என்றேன்.

விஷயம் தெரிந்து உங்கள் தம்பி கொதித்துப்போய் வந்தார். "அண்ணன் அதுமேல உசிரையே வச்சிருந்தாரு மதினி!"

"தெரியும் தம்பி. அதான் குடுத்தேன்."

போன வாரம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அருவியில் குளித்த கூட்டம் கடையை மொய்த்துக்கொண்டிருந்தது. ஒருவன் ஈரத் துண்டை உங்கள் ஸ்பீக்கரின் மேல் போட்டுவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தான். முன்துணி கிழிந்து தொங்கியது. உள்ளே குத்துப்பாட்டு கரகரத்தது. நான் நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்கி, எதிரே நின்று, பொட்டலம் தீரும்வரை தின்றேன். கொஞ்சமும் வருத்தமில்லை.

ஒன்றுதான் பாக்கி. சாயங்காலம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் ஒரு பைக் வேகம் குறைக்கும். எதிர்வீட்டுக்காரர்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் என் வலது கை தானாக எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைக்கிறது. குறைத்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பதே எனக்கு உறைக்கிறது. உங்கள் ஸ்பீக்கர்களை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டேன் அத்தான். இந்தக் கையை எங்கே அனுப்ப?