டாக்டர் கேட்ட மணி

அஞ்சம்மாளுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

பிரிக்பீல்ட்ஸ் கடையில் சாம்பாருக்கு மறுபடியும் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். முதலாளி கிளினிக்குக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா ஐந்து சொற்களைச் சொல்லி, சற்றுக் கழித்துத் திருப்பிக் கேட்டார். இரண்டு நினைவில் இல்லை. கடிகாரம் பார்க்காமல் மணி சொல்லச் சொன்னார். ஒன்பதரை என்றேன். இங்கே அப்போது பன்னிரண்டு.

"அது எங்க ஊரு மணிங்க. சம்சாரம் இப்பதான் துணி துவைச்சு முடிச்சிருப்பா" என்றேன். சிரித்துவிட்டார்.

"இது டிமென்ஷியா இல்ல லா அங்கிள், அதுக்கு முந்தின படி. இப்பவே கவனிச்சா தள்ளிப்போடப் பாக்கலாம்" என்றார். பிரஷர் மாத்திரை கொடுத்தார். நடக்க வேண்டுமாம், தினமும் யாரிடமாவது பேச வேண்டுமாம்.

அதனால் தினமும் போன் செய். சொன்னதையே திரும்பச் சொன்னால் மழுப்பாமல் சொல்லிவிடு. காய்கறி லோரி வந்துவிட்டது. உன் மணிக்கே கூப்பிடு, எனக்குக் குழம்பாது.

பக்தவத்சலம்