புல் அறுக்க வந்த வெஸ்ஸலிங்க்

அன்புள்ள கெர்வினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அவரைப் போலவே அதுவும் யார் சொல்லையும் கேட்பதில்லை. அங்கே நீயும் ஃபியோனாவும் மோரக்கும் சுகமாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். கனடாவில் உங்கள் பக்கம் இன்னும் பனி கரையவில்லை என்று டிவியில் காட்டினார்கள், குழந்தைக்குக் காதை மூடுகிற தொப்பி போடு, அழகான தொப்பி என்று கடையில் விற்பதெல்லாம் காதை மூடாது. போன தடவை நீ போனை வைத்த வேகத்தைப் பார்த்து நான் திரும்பக் கூப்பிடவில்லை, பேசினால் நீயும் அப்பாவும் ஒரே குரலில் கத்துவீர்கள், யார் எதைச் சொன்னது என்றே எனக்குப் புரிவதில்லை. கடிதமென்றால் நீ கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

ஊர்ச் செய்தி அதிகமில்லை. பக்கத்து வீட்டுக் கொல்லன் அலெர்ட்டுக்கு இடுப்பு எலும்பு மாற்றியாகிவிட்டது, முன்னைவிட வேகமாக நடந்து வந்து முன்னைவிட அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறார். ஃபியோனா கேட்டால் சொல், அவர் சுத்தியலைக் கையால் தொட்டதில்லை, வாழ்நாள் முழுக்க இன்சூரன்ஸ் விற்றவர், கொல்லன் வீட்டை விலைக்கு வாங்கிய நாளிலிருந்து ஊருக்கு அவர் கொல்லன்தான். அவருடைய சொந்தக் குடும்பப் பெயரைத் தபால்காரர்கூட யோசித்துத்தான் சொல்லவேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடுகிற குடும்ப நாளுக்காக அப்பா வரைந்த வம்ச மரம் இப்போது கூடத்துச் சுவரில் ஆரம்பித்துச் சமையலறைக் கதவுவரை வந்துவிட்டது, சுவர்க்காகிதச் சுருளின் பின்பக்கம் முழுக்க எழுதித் தள்ளியிருக்கிறார், நான் பக்கவாட்டில்தான் நடக்கிறேன். அடியில் ஆதி மூதாதை வெஸ்ஸல். நம் பெயருக்கு அர்த்தமே வெஸ்ஸலின் ஆட்கள் என்பதால் எல்லோரும் அவர் ரத்தம் என்று அப்பாவின் கணக்கு. நமக்குப் பிடி கிடைத்த மிகப் பழைய ஆள் பெரெண்ட் வெஸ்ஸலிங்க், முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தியவர், அவருக்கும் வெஸ்ஸலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி, அதையும் நிரப்பிவிட்டால் போதும் என்று இருந்தார். மோரக் நல்ல குழந்தை, கேக் கொடுக்கலாம், சைக்கிள் வாங்கித் தரலாம், ஆனால் கல்யாணத்தோடு கூட வந்த பிள்ளைகளை மரத்தில் எழுதுவதில்லை என்று அவர் உன்னிடம் போனில் சொன்னதும், அவளுக்கு இடமில்லாத வீட்டுக்கு நாங்களும் வரமாட்டோம் என்று நீ சொன்னதும், இரண்டையும் நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நீ சொன்னது சரி என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஆனாலும் உன்னைப் பார்த்து நாலு வருஷமாகிறது. மேல் அறையில் மூன்று கட்டிலுக்கும் விரிப்பு மாற்றி வைத்திருந்தேன், அதைத் திரும்ப எடுக்கக் கை வரவில்லை, உட்கார்ந்து அழுதேன்.

அப்பா வழக்கம்போல ஸ்வோலெ நகரத்து ஆவணக் காப்பகத்துக்குப் போனார், வழக்கம்போலப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி கட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் அந்த ரொட்டியைத் தொடாமல் திருப்பிக் கொண்டுவந்தார். உனக்குத் தெரியும், உன் தாத்தா இறந்த அன்றுகூட உன் அப்பா ரொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. பட்டாணி சூப்பைத் தள்ளி வைத்துவிட்டு, "பெரெண்ட் நம்ம ஆளு இல்ல, ஹெர்மின். புல்லு அறுக்க வந்தவன்," என்றார்.

நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் கோடையானால் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெர்மன் ஏழைகள் அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டமாகப் புல் அறுக்க வருவார்கள், அதில் ஒருவன் பெரெண்ட். வெஸ்ஸலிங்க் பண்ணையின் எஜமான் அப்போது இறந்துபோயிருந்தான், அவன்தான் அசல் வெஸ்ஸலிங்க், விட்டுப்போனது ஒரு மனைவியும் ஹில்லெ என்ற சின்னப் பெண்ணும். புல் அறுத்து முடிந்ததும் மற்றவர்கள் போனார்கள், பெரெண்ட் போகவில்லை. விதவையைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனான், போன நாளிலிருந்து ஊர் அவனை வெஸ்ஸலிங்க் என்று கூப்பிட்டது. பிறகு அந்த அம்மாவும் இறந்துபோக, ஃபென்னெ என்ற இன்னொருத்தியைக் கட்டினான், நாம் எல்லோரும் அவர்கள் இருவரின் வம்சம். ஆக, வெஸ்ஸலின் ரத்தம் நம்மிடம் ஒரு சொட்டும் கிடையாது. இந்த ஊரில் வீடுதான் ஆளுக்குப் பெயர் வைக்கும் என்று அப்பாவுக்குத் தெரியாதா என்ன, ஊர் மன்றத்தில் அதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியவரே அவர்தான். அதெல்லாம் மற்றவர்களுக்கு, நாம் மட்டும் அசல் என்று நினைத்துவிட்டார். வளைந்த மூக்குக்கு இத்தனை நாளும் வெஸ்ஸல் மூக்கு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாரே, அப்படியானால் அது யார் மூக்கு என்று கேட்டேன். தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் கொல்லன் அலெர்ட்டுக்கு எப்படியோ தெரிந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்னப்பா, ஊருக்குத் திரும்பிப் போறியாமே, அரிவாள் வேணும்னா என் கொட்டகையில ஒண்ணு கிடக்கு," என்றார். ஜெர்மனி கால்பந்து ஆடும்போது அப்பா என்னென்ன சொல்வார் என்று உனக்கு நினைவிருக்கும், இனிமேல் பார்த்துத்தான் பேசவேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை அப்பா தானாகச் சொல்லவில்லை, பிரதி எடுத்து வந்த தாளில் நானே பார்த்தேன். அந்தச் சின்னப் பெண் ஹில்லெ வளர்ந்து கல்யாணம் ஆனபோது, பாதிரியார் அவளைப் பெரெண்ட் வெஸ்ஸலிங்கின் மகள் என்று எழுதியிருக்கிறார். மாற்றான் மகள் என்று இல்லை, வளர்ப்பு மகள் என்று இல்லை, வெறும் மகள். பாத்திரம் துடைத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னேன், கூட வந்த பிள்ளையை எழுதக்கூடாது என்றால் முதலில் ஹில்லெயின் பெயரை மரத்திலிருந்து அடிக்கவேண்டும், ரத்தம்தான் முக்கியம் என்றால் ஹில்லெயை மட்டும் வைத்துக்கொண்டு நம் எல்லோர் பெயரையும் அடிக்கவேண்டும், எப்படி வசதி என்று. அவர் தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தார்.

அப்புறம் சில நாள் மரத்தைச் சுருட்டவும் இல்லை, எழுதவும் இல்லை, கொளுத்திவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். சனிக்கிழமை காலையில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு பேக்கரிக்குப் போய்வந்தவர், மத்தியானம் அக்கம்பக்கத்தார் வருவார்கள், காபி நிறையப் போடு என்றார். ஏன் என்றால் சொல்லவில்லை. மூன்று மணிக்கு ஜன்னல் வழியே பார்க்கிறேன், தெருவில் ஏணி வருகிறது. முன்னால் அலெர்ட், பின்னால் அவர் மனைவியும் மற்றவர்களும், ஏணி மேல் ஏணி நீளத்துக்குத் திராட்சை ரொட்டி. பிள்ளை பிறந்த வீட்டுக்கு இங்கே எடுத்துப்போவார்களே, அதே ரொட்டி. யார் வீட்டில் குழந்தை என்று நான் திரும்பிப் பார்த்தேன், நேரே நம் வாசலுக்கு வந்து நின்றார்கள். அலெர்ட் மூச்சு வாங்கிக்கொண்டு, "குழந்தை எங்கப்பா?" என்று கேட்டார்.

அப்பா சொன்னார், "கனடாவுல இருக்கா. எட்டு வயசு. உங்ககிட்ட சொல்லக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அலெர்ட்டின் மனைவி பெயர் கேட்டாள், மோரக் வெஸ்ஸலிங்க் என்றார் அப்பா. நம் வழக்கப்படி ஒவ்வொருவராக வந்து அவருக்குக் கை கொடுத்து, பேத்தி பிறந்ததற்கு வாழ்த்துச் சொல்லி, சின்னக் கிளாஸில் ஒரு வாய் பிராந்தி குடித்தார்கள். உன் அப்பா நிமிர்ந்து நின்று எல்லோருக்கும் நன்றி சொன்னார், கண் சிவந்திருந்தது, பிராந்தியால்தான் என்றார். இத்தனை வருஷம் அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியதில் அன்றுபோல் எனக்குச் சந்தோஷமாக இருந்ததில்லை. வெஸ்ஸலை என்ன செய்வதாக உத்தேசம் என்று ராத்திரி கேட்டேன், நமக்குப் பெயர் கொடுத்த வீட்டுக்காரர் அல்லவா, அடியிலேயே இருக்கட்டும் என்றார்.

பாதி ரொட்டியை வெட்டி உறைபெட்டியில் வைத்திருக்கிறேன், ஜூன் வரை தாங்கும், அதற்குமேல் சொல்லமுடியாது. டிக்கெட்டைச் சீக்கிரம் போடு. ஃபியோனா ஒன்றும் வாங்கிவர வேண்டாம். மோரக்கின் காகிதங்களில் என்ன பெயர் இருக்கிறதோ அது அப்படியே இருக்கட்டும், அதை மாற்றச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும், நல்லபடியாக வந்து சேரவேண்டும், கடவுள் கூடவே இருப்பார். ஒன்றை மறந்துவிடாதே. கடலுக்குப் போய்த் திரும்பாத அந்தப் பிள்ளை, ஃபியோனாவின் முதல் கணவர், அவருடைய முழுப்பெயரும் பிறந்த ஊரும் அப்பாவுக்கு வேண்டுமாம். ஹில்லெயின் அப்பாவுக்கு மரத்தில் இடம் இருக்கும்போது மோரக்கின் அப்பாவை எப்படி விடுவது என்கிறார். ஃபியோனாவிடம் மெதுவாகக் கேள், நேரம் பார்த்துக் கேள். இடம் விட்டுவைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஹெர்மின் வெஸ்ஸலிங்க்