பீன்ஸ் கேசரோலும் இரண்டு பை ஐஸும்

நவம்பர் 4, திங்கள்

மார்லிஸ் அக்காவின் பட்டியல் தபாலில் வந்துவிட்டது. நன்றி நாள் விருந்துக்கு யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று, தட்டச்சு செய்து, மடித்து, தபால்தலை ஒட்டி. போன் பண்ணிச் சொன்னால் யாராவது பேரம் பேசுவார்கள் என்று பயம்.

வான்கோழி – மார்லிஸ். பீன்ஸ் கேசரோல், ஓவனில் வேகும் பீன்ஸ் கூட்டு – கோர்டி, அதாவது அவள் கணவன். பூசணி இனிப்பு – அவர்கள் மகள் கொரீன். கடைசி வரி: ஐஸ், இரண்டு பை – லீலண்ட். அடியேன்.

ஒன்பதாவது வருடம். இரண்டு பட்டம் வாங்கியவன், இருபத்தாறு வருடமாக உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துபவன், பெட்ரோல் நிலையத்து வாசலில் விற்கும் ஐஸைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறேன். அந்த வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும், மாறிப்போகக் கூடாதென்று. ஐஸ் பைக்கு யாரும் பெயர் ஒட்டுவதில்லை.

நவம்பர் 6, புதன்

குற்றம் என்ன என்று எழுதிவைக்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் பீன்ஸ் என் பொறுப்பு. டின்னில் அடைத்த எதையும் தொடமாட்டேன் என்று வீம்பு. பசிய பீன்ஸ், காட்டுக் காளான், வெண்ணெயில் மாவு வறுத்து நானே செய்த குழம்பு, மேலே லீக்ஸ் என்ற சீமை வெங்காயத்தாள். இரண்டு நாள் வேலை.

பீன்ஸ் பல்லில் பட்டுக் கீச்சென்றது. பதினான்கு பேர் வாயிலும் கீச். கோர்டி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “வாத்தியாரே, இது சாப்பாடா, பரீட்சையா?” என்றான். மேசையே சிரித்தது. மார்லிஸும் சிரித்தாள். அதைத்தான் மறக்க முடியவில்லை.

நிரம்பிய பாத்திரத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்து நாற்பது நிமிடம் ஓட்டி வந்தேன். என் மனைவி ஜூடித் என்னை விட்டுப் போனது அந்த வசந்தத்தில்தான். இருக்கை காலியாகத்தான் இருந்தது.

நவம்பர் 15, வெள்ளி

பனி. கார் கண்ணாடியில் பனி சுரண்டும் தகடு உடைந்தது. போன வருடமே வாங்கியிருக்க வேண்டும்.

நவம்பர் 23, சனி

மான் வேட்டைக் காலத்தின் முதல் நாள். விஸ்கான்சினில் பாதி ஆண்கள் இன்று துப்பாக்கியோடு மரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். கோர்டி மரத்திலிருந்து கீழே வந்துவிட்டான், ஏணி இல்லாமல். வலது மணிக்கட்டு முறிவு.

கேட்டதும் சந்தோஷப்பட்டேனா? பட்டேன். யார் படிக்கப் போகிறார்கள்.

கேசரோலைக் கடையில் வாங்கிவிடுவதாக மார்லிஸ் போனில் சொன்னாள். நான் பண்ணுகிறேன் என்றேன்.

“தம்பி, நீ ஐஸ் கொண்டு வா. அது போதும்.”

“ஐஸும் கொண்டு வரேன்க்கா.”

அப்புறம் நிபந்தனைகள். “டின் பீன்ஸ். டின் காளான் சூப். மேல டப்பால வர்ற பொரிச்ச வெங்காயம். வேற எதுவும் பண்ண மாட்டேன்னு சொல்லு.”

“சரிக்கா.”

“சரி இல்ல. சொல்லு.”

ஐம்பத்து நான்கு வயதில் சொன்னேன். இந்தத் தடவையும் சொதப்பினால் இனிமேல் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றாள். அதற்கும் சரி என்றேன். அந்த மேசையில் எனக்கு ஒரு இடம் வேண்டும். நாற்காலியைச் சொல்லவில்லை. நாற்காலி இருக்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

பக்கத்து ஊர்க் கடைக்குப் போய் டின்கள் வாங்கினேன். இங்கே வாங்கினால் என் மாணவிதான் கல்லாவில் இருப்பாள்.

டப்பாவில் எழுதியிருந்தபடியே செய்தேன். இதை எழுதக் கை வரவில்லை – நன்றாக இருந்தது. நின்றபடியே பாதியைத் தின்றேன்.

தின்றபோதுதான் உறைத்தது. விருந்தன்று தட்டில் உருளைக்கிழங்கு மசியல், வான்கோழிக்குள் திணித்து வேகவைத்த ரொட்டி, குழம்பு, எல்லாமே மெத்தென்று இருக்கும். பீன்ஸும் மெத்தென்றுதான் இருக்க வேண்டும். தட்டு முழுக்கத் தேடினாலும் கடிபடுகிற ஒரே பொருள் அந்த வெங்காயம். அதற்காகத்தான் எல்லோரும் கை நீட்டுகிறார்கள். கோர்டி அதை முதலிலேயே போட்டுக் கருக்கிவிடுவான். ஒன்பது வருடமாகக் கரியைத் தின்றுவிட்டு அவனைப் பாராட்டியிருக்கிறார்கள்.

நவம்பர் 26, செவ்வாய்

ஒத்திகை. பள்ளி விட்டதும் வந்து செய்து, அலுமினியத் தாளால் மூடி, காரில் வைத்து நாற்பது நிமிடம் ஊரைச் சுற்றினேன். திறந்தால் வெங்காயம் ஈரத் துணி. ஆவி.

ஆக, வெங்காயத்தை அங்கே போய்த்தான் போட வேண்டும். போட்டுப் பத்து நிமிடம் ஓவனில் வைக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு மார்லிஸின் ஓவன் யாருக்கும் கிடைக்காது. வாசலில் கோட்டைக் கழற்றும் முன்பே அவள் சொல்லும் முதல் வாக்கியம் அதுதான்: “ஓவன் காலி இல்ல.”

அரைமணி நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

பிறகு – ஐஸ். ஐஸ் உடைக்கும் வாளி எங்கே இருக்கிறது? குளிர்பெட்டிப் பக்கத்தில். குளிர்பெட்டி? ஓவனுக்குப் பக்கத்தில். ஒன்பது வருடமாக அந்த மூலையில் நின்று, பேச ஆளில்லாமல், அவள் சமைப்பதையே பார்த்திருக்கிறேன். ஒன்று இருபதுக்கு வான்கோழி வெளியே வரும். ஒன்று முப்பத்தைந்துக்கு ரொட்டி உள்ளே போகும். நடுவில் பதினைந்து நிமிடம் ஓவன் சும்மா காய்ந்துகொண்டிருக்கும். இது அவளுக்கே தெரியாது.

நவம்பர் 27, புதன்

கோர்டியின் போன். வருடா வருடம் இதே நாளில், இதே வாக்கியம். “ரெண்டு பை, வாத்தியாரே. மறந்துடாத.” கை உடைந்தாலும் வாய் உடையவில்லை.

நவம்பர் 28, வியாழன். நன்றி நாள்

எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

காலையில் இரட்டைப் பங்கு செய்து, சுடச்சுடத் துண்டுகளில் சுற்றி, ஐஸ் சுமக்கும் பெட்டிக்குள் இறக்கினேன். குளிரைக் காக்கும் பெட்டி சூட்டையும் காக்கும். ஐஸ் பின்பக்கம் கிடந்தது. வெங்காய டப்பா கோட்டுப் பையில்.

சமையலறையில் கோர்டி, கட்டுப் போட்ட கையை மார்பில் சாத்திக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். மேடைமேல் கடையில் வாங்கிய பீன்ஸ் தட்டு ஒன்று.

“எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கி வெச்சேன் மச்சான். உன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல.” பிறகு கொரீனைப் பார்த்து, “கீச்சுனு கேட்டா பயந்துடாதம்மா, எலி இல்ல, மாமா பண்ண பீன்ஸ்” என்றான்.

மூலைக்குப் போய் ஐஸ் உடைத்தேன். ஒன்று பத்து. ஒன்று பதினைந்து. வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக ஐஸ் உடைத்ததில்லை.

ஒன்று இருபதுக்கு மார்லிஸ் வான்கோழியை எடுத்து மேடையில் வைத்து மூடினாள். நான் பெட்டியைத் திறந்தேன், வெங்காயத்தைக் கொட்டினேன், ஓவன் கதவில் கை வைத்தேன்.

“லீலண்ட், ஓவன் காலி—”

“ஒன்னு முப்பத்தஞ்சு வரைக்கும் உன் ரொட்டிக்கு வேலை இல்லக்கா.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மேடையில் ரொட்டி மாவைப் பார்த்தாள். “உனக்கெப்படித் தெரியும்?”

“இங்கதானே நிக்கறேன். ஒன்பது வருஷமா.”

அவள் கைத்துணியை என்னிடம் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

பன்னிரண்டு நிமிடம். பொன்னிறம். ஓரத்தில் குழம்பு கொப்பளித்துக்கொண்டிருந்தது.

மேசையில் இரண்டு தட்டும் பக்கத்துப் பக்கத்தில். கொரீன் என்னுடையதில் எடுத்தாள், மறுபடி எடுத்தாள், அப்புறம் அதைத் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொண்டாள். அதைத் தள்ளச் சொல்லி அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. பேச்சு நின்று, மேசை முழுக்க ஒரே மொறுமொறு. பதினான்கு வாய். நான் எண்ணினேன்.

கடைத் தட்டில் ஒரே ஒரு கரண்டிக் குழி. அது கோர்டி வெட்டியது.

கடைசியில் அவன் இடது கையை நீட்டினான், என் பாத்திரத்துக்கு. மூலையில் ஒட்டியிருந்த பழுப்பு ஏட்டைச் சுரண்டப் பார்த்தான். ஒற்றைக் கை. பாத்திரம் வழுக்கி வழுக்கி ஓடியது.

“மச்சான், கொஞ்சம் பிடி.”

பிடித்தேன். நான்கு மூலையும் சுரண்டினான். மென்றான்.

“டின்தானா?”

“டின்தான்.”

இன்னும் கொஞ்ச நேரம் மென்றான். “மொறுமொறுன்னு இருக்கு” என்றான், தட்டைப் பார்த்தபடி.

மார்லிஸ் சிரித்தாள். இந்தத் தடவை அவள் கணவனைப் பார்த்து.

அவன் முடிக்கும்வரை பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமானாலும் பிடித்திருப்பேன்.

நவம்பர் 29, வெள்ளி

மிச்சம் ஒரு துளி இல்லை. காலையில் தின்ன வெறும் பிஸ்கட். என்ன ருசி.

டிசம்பர் 9, திங்கள்

வாசலில் பொட்டலம். ஊறவைத்துக் கழுவி அனுப்புகிறேன் என்று மார்லிஸ் வைத்துக்கொண்ட என் பாத்திரம். கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் புது டேப், அவள் கையெழுத்தில்: லீலண்ட் – பீன்ஸ்.

உள்ளே கிறிஸ்துமஸ் விருந்துப் பட்டியல். தட்டச்சு, மடிப்பு, எல்லாம் வழக்கம்போல். என் பெயர் மூன்றாவது வரியில், வான்கோழிக்கு இரண்டு வரி கீழே. கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

ஐஸ், இரண்டு பை – கோர்டி.

போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை, பதிவு செய்யச் சொன்னது. வகுப்பில் பேசுவதைப்போல நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன்.

“கோர்டி, ரெண்டு பை. மறந்துடாத.”