தொழில் என்ற கட்டம்

விருத்தாசலம்

அன்புள்ளவருக்கு,

இன்றைய கருத்துக் கேட்புக் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேராகக் கடலூர் ஆபீசுக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நம்மூர்ப் பீங்கான் ஜாடிகளைப் பற்றி இணையத்தில் எழுதி, அவற்றை விற்கும் ஆன்லைன் கடைக்கு லிங்க் கொடுக்கிறேன். அதன் வழியே யாராவது வாங்கினால் எனக்குக் கமிஷன். இங்கே லிங்க் போடுகிறவர்கள் இருப்பதைக் காரணம் காட்டி அந்த விற்பனைக்கு மாநில வரி போட்டால், எங்கள் எல்லோரையும் நீக்கிவிடுவதாகக் கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வரி அதிகாரியாக நீங்கள்தான் கருத்துக் கேட்கிறீர்கள் என்று தெரிந்தும், வேண்டாமென்று சொல்ல வந்தேன்.

என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லுங்கம்மா" என்றீர்கள், யாரோ ஒருத்தியிடம் பேசுவதுபோல.

"எழுதறதுதாங்க என் வேலை. இந்த வரி வந்தா அது போயிடும்" என்றேன். வீட்டில் உங்களிடம் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை.

பேசியவர்களின் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தபோதுதான் பார்த்தேன். தொழில் என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பேனாவையே வாங்கி, அதை அடித்துவிட்டு, 'இணைய எழுத்து' என்று எழுதினேன். நீங்கள் தடுக்கவில்லை.

வரி ஏன் வேண்டும் என்பதற்கு உங்களிடமும் ஒரு நியாயம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லுங்கள், கேட்கிறேன். ஆனால் அந்தக் கட்டத்தை மட்டும் மறுபடி திருத்திவிடாதீர்கள்.

கோபமில்லாமல் இதை எழுதும்
உங்கள் மனைவி