பண்ணை அம்மாவுக்காக ஓர் அருள் நிறைந்த மரியே

சாமி,

உங்களுக்கு அருளாளர் பட்டம் கிடைத்ததற்காக ஞாயிற்றுக்கிழமை நம் கோவிலில் பாடற்பூசை வைத்தார்கள். உங்கள் படத்துக்கு மரிக்கொழுந்து மாலை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரிக்கொழுந்து என்றால் உங்களுக்கு அடுக்கடுக்காய்த் தும்மல் வருமே! பூசை நடுவில் தும்மிவிட்டு எங்களிடமே மன்னிப்புக் கேட்பீர்கள். புதுச் சாமியாருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

நீங்கள் கடல் கடந்து வந்ததையும் பள்ளிக்கூடம் கட்டியதையும் பிரசங்கத்தில் சொன்னார். எங்கள் தெரு ஆட்களை 'வாங்க, போங்க' என்று நீங்கள் கூப்பிட்டதைச் சொல்லவில்லை. வழிமறித்த கன்றுக்குட்டியைக்கூட 'கொஞ்சம் நகருங்க' என்பீர்கள். பண்ணைக்காரர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கோட்டையில் புதுக் கட்சி உட்கார்ந்திருந்தது. வயலில் பழைய பண்ணைதான். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு நாங்கள் அறுப்புக்கு இறங்காத வருஷம் அது. வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். அடிதடி, போலீஸ் லாரி. என் வீட்டுக்காரர் எங்கேயோ ஒளிந்திருந்தார். பிறந்து ஒரு வாரமான என் மூத்தவளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்து, கண் செருகிவிட்டது. ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடுவாளோ என்று கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். ஞானத்தாயாக நிற்க வேண்டிய என் அக்காளை அன்று காலையில்தான் லாரியில் ஏற்றியிருந்தார்கள்.

கோவிலில் உங்களைத் தவிர இருந்தது பண்ணை வீட்டு அம்மா மட்டும். அவர்களும் எங்களைப்போல் வேதக்காரர்கள்தான், ஆனால் அவர்களுக்கு நடுக்கூடம், எங்களுக்கு வடக்கு ஓரம்.

"வாங்கம்மா, பிள்ளையை ஏந்துங்க. நீங்கதான் ஞானத்தாய்" என்றீர்கள்.

"சேரிப் புள்ளைங்க சாமி! எங்க வீட்டுல என்னை உள்ள விடுவாங்களா?"

"பிள்ளைக்கு நேரம் இல்லைங்க."

அந்த அம்மா உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை நீட்டினார். நீங்கள் தண்ணீர் ஊற்றினீர்கள். முடிந்ததும் அந்த அம்மா பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு நேரே வாசல் குழாயடிக்குப் போய் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு உங்கள் ஜீப்பில் போகும்போது நான் கொதித்தேன். "பாத்தீங்களா சாமி, அந்தம்மா கழுவுனதை?"

"பார்த்தேன். ஏந்துனது முதல்ல, கழுவுனது அப்புறம். முதல்ல நடந்ததை வச்சுக்குங்க."

"எனக்கு ரெண்டும் மறக்காதுங்க."

அந்த அவசரத்திலும் சிரித்தீர்கள். பிள்ளை பிழைத்தாள். என் கோபமும் பிழைத்தது. அந்த அம்மாவை மன்னிக்க முடியவில்லை என்று பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். திட்டுவீர்கள் என்று பார்த்தால், "மன்னிக்க வேணாம். தினமும் அவங்களுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லுங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னாலும் போதும்" என்றீர்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். மகள் வளர்ந்து நர்சு ஆனாள், பேரன் பேத்தி எடுத்தாள். பண்ணை அம்மாவும் போய்ச் சேர்ந்தார். இப்போது எனக்குக் கடிக்கப் பல்லும் இல்லை. எதுவரைக்கும் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லாமலே போய்விட்டீர்கள். புதுச் சாமியாரைக் கேட்டால், "போதும் பாட்டி, விடுங்க" என்றுவிடுவார். நீங்கள் எனக்கென்று கொடுத்ததை இன்னொருவர் வாங்கிக்கொண்டு போவதா? அதனால் அவரிடம் கேட்கவில்லை.

நேற்றும் சொன்னேன், சாமி.