பஞ்சுவின் எடை

மார்கழி 4, வெள்ளி

பனி. வாசல் தெளித்த ஈரம் இன்னும் காயவில்லை. முயல் பஞ்சுவை வீட்டுக்காரர் துண்டில் கட்டி, பட்டு நிறுக்கிற தராசில் போட்டேன். ஒன்றேமுக்கால் கிலோ. போன வாரத்தைவிட ஐம்பது கிராம் கூட. பலே! தீனி: அறுகம்புல், முள்ளங்கி இலை, ஒரு பிடி தவிடு.

அவர் தறியிலிருந்தே, "இதுக்குப் போடற தீனிக்கு ஒரு ஆட்ட வாங்கியிருந்தா பாலாச்சும் கறந்துக்கினு இருக்கலாம்."

இந்த மனிதர் அதை ஒரு நாள் தொட்டது கிடையாது. பேச்சு மட்டும் வண்டி வண்டியாக.

8, செவ்வாய்

ரேஷனில் கிருஷ்ணாயில் இல்லை. பஞ்சு இலையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சந்தேகப்பட்டு நிறுத்தேன். ஒன்றரை! கல்லை மாற்றிப் போட்டேனோ என்று மறுபடி நிறுத்தேன். அதே ஒன்றரை.

விடியற்காலை நான் கோயிலுக்குப் போகும்போது இவர்தான் தீனியை எடுத்துவிடுகிறாரோ? கேட்டே விட்டேன்.

"எனக்கு வேற வேல இல்ல பாரு." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

9, புதன்

பஞ்சுவின் பெட்டியைக் கழுவ எடுத்தேன். ஐயோ. புழுக்கைகள் மணி கோத்த மாதிரி தொங்குகின்றன. கோத்திருப்பது அரக்குப் பட்டு நூல். வயிற்றுக்குள் பட்டா!

வைக்கோலுக்கு அடியில், சேலை நெய்து பாவு அறுத்தபின் தறியில் மிஞ்சும் பட்டு நூல், மெத்தை போல. முகர்ந்தேன். பாவுக்குப் போட்ட அரிசிக் கஞ்சி வாசனை. ருசி கண்டு தின்றிருக்கிறது. நான் பலே போட்ட ஐம்பது கிராமும் பட்டு!

நான் வைக்கவில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

"பனியில நடுங்கிக்கினு இருந்துச்சுமா," என்றார். "நீ கோயிலுக்குப் போனதும் தெனம் கொஞ்சம் வெச்சேன். மெத்துனு இருக்கட்டுமேன்னு…"

இவரா?

மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டர்: "மொசலுக்கா வந்தே? தவிட்ட நிறுத்து. புல்லு, தண்ணி குடு. வயித்தத் தடவிக்கினே இரு. பொழச்சா உன் அதிர்ஷ்டம்."

11, வெள்ளி

தறிச் சத்தம் இல்லை. நேற்றும் இல்லை. அவர் கூடத்தில், பஞ்சு மடியில், வயிற்றைத் தடவியபடி. "தின்னுபா. ஒரு வாய் தின்னு கண்ணு."

எடை நாள். தராசை எடுத்தேன்.

"வோணாம்மா. கொறஞ்சிருந்தா என்னால பாக்க முடியாது."

ஆணியில் திரும்ப மாட்டினேன். பெற்ற தாய் செத்தபோதுகூடக் கண் கலங்காத மனிதர். அவர் விரலிடுக்கில் ஒரே ஒரு அறுகம்புல். பஞ்சு அதன் நுனியைக் கடித்தது. இன்னொரு கடி. ஐயோ, இவர் அழுகிறார்.